குருமா கெட்டுப்போன நாள்

டவுன் பஸ் படியிலிருந்து தவறி விழுந்ததில் எனக்குப் பின்மண்டையில் அடி. காயம் ஆறிவிட்டது. அன்றைக்குப் போன வாசனை உணர்வு மட்டும் திரும்பவில்லை. வந்தால் வரலாம் என்று சொல்லி டாக்டர் அனுப்பிவிட்டார். மல்லிகை மணக்காமல் போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அடுப்படிக்குள் நுழையத்தான் பயமாக இருந்தது.

செவிலிமேட்டில் அப்போது வாடகை வீடு. நான், என் கணவர், அவருடைய அப்பா. ஃப்ரிட்ஜ் கிடையாது. ராத்திரி மீந்ததைச் சுட வைத்து மூடுவேன். காலையில் அது நன்றாக இருக்கிறதா என்று கண்டுபிடிக்க எனக்கு வழியில்லை. வாயில் வைத்தால் புளிப்பு தெரியும். அது தக்காளிப் புளிப்பா, கெட்டுப்போன புளிப்பா என்று தெரியாது.

கணவர் காலையில் பஸ் பிடிக்க ஓடுபவர். நான் படும் பாட்டைப் பார்த்து மாமனாரே அந்த வேலையை ஏற்றுக்கொண்டார். தினமும் காலையில் மூடியைத் தூக்கி, குனிந்து, நிதானமாக மூச்சை இழுப்பார். பெரும்பாலும் “நல்லாத்தான் இருக்குது” என்பார். எப்போதாவது கொட்டிவிடச் சொல்வார். அவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வரும்.

அது நல்ல வெயில் காலம். முந்தின நாள் தேங்காய் அரைத்து வைத்த உருளைக்கிழங்கு குருமா மீந்திருந்தது. மாமனார் பார்த்துச் சரி என்றார். சப்பாத்தியோடு டப்பாவில் வைத்துக் கொடுத்தேன். கணவர் சென்னைக்கு வேலைக்குப் புறப்பட்டுப் போய்விட்டார்.

பக்கத்து வீட்டில் தறி போட்டிருந்த அக்கா, மதியத்துக்கு மேல் உறைமோர் கேட்டு வந்தார். அடுப்படி வாசலிலேயே நின்று முந்தானையால் மூக்கைப் பொத்தினார்.

“என்னம்மா, குருமா ஊசிப்போயிக் கெடக்குது. கொட்டாம வெச்சிக்கினு இருக்கியே.”

பாத்திரத்தை அப்படியே மாமனாரிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் குனிந்து முகர்ந்தார். பிறகு என் பின்னாலேயே வந்திருந்த அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

“எனக்கும் ரொம்ப நாளா வாசனை தெரியலம்மா,” என்றார்.

கோபப்படக்கூட எனக்குத் தோன்றவில்லை. தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி ஆபீசுக்குப் போன் போட்டேன். சாப்பிட்டுவிட்டு வெளிவேலையாகப் போயிருக்கிறார் என்றார்கள். எங்கே என்று அவர்களுக்கும் தெரியவில்லை. எந்த பஸ்ஸில், எந்த வெயிலில் சுருண்டு கிடக்கிறாரோ என்று நினைத்தபடியே திரும்பினேன். வீட்டுக்கு வந்தால் மாமனார் கேட்டைப் பிடித்தபடி சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை.

பொழுது சாய்வதற்கு முன்பே பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ வந்தது. கூட வேலை செய்பவர் ஒருவர் என் கணவரைத் தாங்கி இறக்கினார். சட்டையெல்லாம் வாந்தி, முகத்தில் ரத்தமே இல்லை. அதே ஆட்டோவில் டாக்டரிடம் போனோம். குளுக்கோஸ் ஏற்றினார்கள். டப்பாவைத் திறந்தபோதே ஒரு மாதிரி வாடை அடித்ததாகக் கணவர் சொன்னார்.

“அப்பா பாத்துட்டாருன்னு சொன்னியே. அதான் சாப்ட்டேன்.”

மாமனார் எழுந்து வெளியே போனார். கொஞ்ச நேரம் கழித்து நானும் போய் அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவரே சொன்னார்.

“ஒவ்வொரு பாத்திரத்தையும் நீ பயந்து பயந்து தொறப்பே. பக்கத்துல இருக்கற ஒருத்தருக்காவது வாசனை தெரியும்னு இருந்தா நீ நிம்மதியா இருப்பேன்னு நெனச்சேன்.”

கணவர் தேறிவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எதையும் மீத்து வைத்ததில்லை. மீந்தால் நல்லதோ கெட்டதோ, கொட்டிவிடுவேன். ஆனால் பாலை என்ன செய்வது? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் காலை, பால் திரிகிறதா என்று பார்க்க நானும் மாமனாரும் அடுப்பருகே நின்றோம். திரியாமல் பொங்கி வந்தது. அப்படியும் டம்ளரில் ஊற்றிவிட்டு, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றேன். மாமனார் கை நீட்டி வாங்கிக் குடித்தார்.

மதியம்வரை நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.