சம்பந்தி முள்ளு

நான் பட்டுச்சேலை கடையில விக்கிற ஆளு. இருபது வருஷமா கடையில விரிச்ச பாயிலதான் உக்காந்துக்கினு இருக்கேன். எங்க வேலையில "தெரியாது"ங்கறது கெட்ட வார்த்தை. சேலையில நெய்ஞ்சிருக்கிற இந்த புட்டா டிசைனுக்கு என்ன பேருன்னு கஸ்டமர் கேட்டா, டக்குன்னு ஒண்ணை எடுத்து வுடணும். நான் வுட்ட பேருங்களைக் கேட்டா சேலையை நெய்ஞ்சவரே மயங்கி வுழுந்துடுவாரு.

எதிர்வீட்டு சார் காலேஜ்ல செடிகொடி பாடம் எடுத்து ரிட்டையர் ஆனவரு. தென்னேரி ஏரிக்கரையில முளைக்கிற செடிங்களை எல்லாம் ஒரு நோட்டுல எழுதிக்கினு இருந்தாரு. செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு, அவருக்கு வண்டி ஓட்ட வராது. அதனால டிரைவர் நான். நோட்டுல மூணு கட்டம்: விஞ்ஞானப் பேரு, ஊர்ப் பேரு, சொன்னது யாரு. "முதல் கட்டம் எந்தப் புஸ்தகத்துலயும் கிடைக்கும்பா. ரெண்டாவது ஆளுங்க வாயிலதான் இருக்குது"ம்பாரு. மூணாவது கட்டத்துல அடிக்கடி நான் வர்றதுல எனக்கு ஒரு கெத்து.

ஒரு நாள் கரையில முட்டி உயரத்துக்கு ஒரு முள்ளுச்செடி. இலைக்கு அடியில பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளை. உச்சியில எலுமிச்சம்பழம் சைஸுல உருண்டை, லேசா நீலம், சுத்தியும் ஊசி. சார் மண்டி போட்டுட்டாரு.

"இது ஒரு பூ இல்லபா, ஏகப்பட்ட குட்டிப் பூ சேர்ந்த உருண்டை. எக்கினாப்ஸ் எக்கினேட்டஸ். முன்பாதிக்கு முள்ளெலி மாதிரின்னு அர்த்தம். பின்பாதியும் முள்ளெலி கணக்கா முள்ளு இருக்குதுன்னுதான்."

"பேரு வச்சவனை ரெண்டு தடவை குத்திச்சா சார்?"

சிரிச்சாரு. சிரிச்சிக்கினே, "நம்ம பக்கம் என்னன்னு சொல்றாங்க?"ன்னாரு.

எனக்குத் தெரியாது. ஆனா வாய் கடை வாயாச்சே. "சம்பந்தி முள்ளு சார். தூரத்துல பூவு, கிட்ட போனா குத்தும்."

எழுதிட்டாரு. அப்ப ஆடு ஓட்டிக்கினு வந்த ஒரு அம்மா நின்னு, "இன்னா சார், சாவி கீவி வுட்டுட்டீங்களா?"ன்னு கேட்டாங்க. சார் செடியைக் காட்டி வாயைத் திறக்கறதுக்குள்ள, "ஒண்ணுமில்லமா. வெயில் ஏறுது, வாங்க சார்"னு அவரை வண்டியில ஏத்திட்டேன். பொய் சொன்னதாவது பழக்கதோஷம். அந்த அம்மாவைப் பேச வுடாம பண்ணேன் பாருங்க, அது தெரிஞ்சே பண்ணது.

போன மாசம் நோட்டை அச்சுக்குக் குடுக்கப்போறேன்னாரு. அந்தச் செடியோட நெசப் பேரைத் தேடி தனியா தென்னேரிக்கு ஓடினேன். அந்த அம்மாவைக் காணோம். கேட்ட நாலு பேரும் "முள்ளுச்செடி"ன்னாங்க. நேரா வந்து சார்கிட்ட ஒத்துக்கினேன்.

அவரு திட்டல. அந்தப் பேரு மேல செவப்புல ஒரு கோடு போட்டாரு. அப்புறம் நோட்டை முதல் பக்கத்துக்குத் திருப்பி, நான் சொன்னதா எழுதின எடத்துல எல்லாம் வெரலை வச்சாரு.

"இன்னும் எத்தனைபா?"

"அது ஒண்ணுதான் சார். மத்ததெல்லாம் எங்க அம்மா களை எடுக்கும்போது சொன்னது."

"இருக்கும்பா"ன்னாரு. சொல்லிக்கினே எல்லாத்தையும் அடிச்சாரு. எங்க அம்மா சொன்ன பேரெல்லாம் என் கண்ணு முன்னாடியே போச்சு. அவங்களைக் கூப்ட்டு சாட்சி சொல்லச் சொல்லலாம்னா, அவங்க போய் ஆறு வருஷம் ஆவுது.

"திரும்பக் கேட்டு எழுதணும். நீ வண்டி எடுக்க வேணாம்பா, நான் பஸ்ல போய்க்கிறேன்."

இப்பல்லாம் செவ்வாய்க்கிழமை காலையில எதிர்வீட்டு கேட் தெறக்குற சத்தம் கேக்குது. நான் ஜன்னல்கிட்ட போறதில்ல.