லாயம் கேட்டுப் போன இடம்

தேயிலை நல்ல விலைக்குப் போன காலத்தில் எங்கள் பக்கத்தில் ஆளாளுக்கு ஜீப் வாங்கினார்கள். என் வீட்டுக்காரர் குதிரை வாங்கினார். ஊட்டி ரேஸில் ஓடி, கால் பிசகி, இனி உதவாது என்று கழித்துவிட்ட செம்பழுப்புப் பெண் குதிரை. குன்னூருக்கு மேலே எங்களுக்கு இருந்தது நாலு ஏக்கர் தோட்டம். அதைச் சுற்றிப்பார்க்கக் குதிரை எதற்கு என்று நான் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. எட்டாவது நாள் அதற்குக் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

பிறகு தேயிலை விழுந்தது. பச்சை இலை பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டவில்லை. குடும்பம் குடும்பமாக ஆட்கள் திருப்பூருக்கு இறங்கிப் போனார்கள். ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை கிடைத்து நாங்களும் புறப்பட வேண்டியதாயிற்று. ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு வருடம் என்று கணக்கு. அந்த வெயிலில் குதிரை தாங்காது. விற்றால் ஊட்டி ஏரிக்கரையில் சவாரிக்கு அடித்தே கொன்றுவிடுவார்கள் என்றார் இவர். எங்கேயாவது கட்டி வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

மகனுக்கு ஹாஸ்டல் பார்த்தபோதுகூட இவர் இப்படி அலையவில்லை. ஊட்டிக்கு வெளியே ஒரு பண்ணைக்குப் போனோம். வாசலில் ரோஜாச் செடியும் வெள்ளை அடித்த வேலியும் அமர்க்களமாக இருந்தன. உள்ளே தொட்டித் தண்ணீரில் பாசி, வைக்கோலில் மூத்திர நெடி. நடத்துகிறவர் முன்பணத்தைப் பற்றியே பேசினார், குதிரையைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. பைக்காரா பக்கம் இன்னொரு இடம். புல்வெளி கண்ணுக்கு எட்டியவரை கிடந்தது. "ராத்திரி எங்க கட்டுவீங்க?" என்று கேட்டேன். "கட்டறதே இல்லீங்க, அது பாட்டுக்குத் திரியும்" என்றார்கள். சிறுத்தை அது பாட்டுக்குத் திரிகிற காட்டில்! நான் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டேன்.

கடைசியில் இலை ஏற்ற வரும் லாரி டிரைவரிடம் இவர் சொல்லி வைத்தார்: "எங்காச்சும் லாயம் வாடகைக்குக் கெடைக்குமான்னு கேளுங்க." நாலாம் நாள் பதில் வந்தது. கோத்தகிரி ரோட்டில் மூடிக்கிடக்கும் ஒரு சின்ன எஸ்டேட்டில் இருக்கிறதாம், அங்கே வாட்ச்மேனைப் போய்ப் பார்க்க வேண்டுமாம்.

வாட்ச்மேன் சிலோனிலிருந்து வந்தவர், அறுபதை நெருங்கியவர். அவரும் அவர் மனைவியும் பெருக்கித் தெளித்து எங்களுக்காகக் காத்திருந்தார்கள். ஆள் போய்விட்ட வரிசை வீடுகளில் ஓரத்து அறையைத் திறந்து காட்டினார். சுண்ணாம்பு அடித்து, மூலையில் அடுப்புகூடப் போட்டிருந்தது. குதிரைக்கு எதற்கு அடுப்பு என்று எனக்குத் தோன்றியது. கொள்ளு வேகவைக்க இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"எத்தின பேரு தங்கப் போறீங்க?" என்றார்.

"ஒருத்திதானுங்க" என்றார் இவர்.

"பொம்பளப் புள்ளயா? என்ன வயசு?"

"பதினாலு நடக்குதுங்க."

"தொணைக்கு யாரு?"

"யாருமில்லீங்க. நாங்க திருப்பூர் போறோம். நீங்கதான் பாத்துக்கோணும்."

அவர் முகம் சிவந்துவிட்டது. "ஏங்க, வயசுப் புள்ளய ஒத்தயில இந்தக் காட்டுல விட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் கம்பெனிக்குப் போறீங்களா? பெத்தவங்க செய்யிற வேலையா இது?"

இவருக்கு இன்னும் விளங்கவில்லை. "ஒரு தொந்தரவும் இல்லீங்க. நின்னுட்டே தூங்கிக்குவா. கொள்ளு வெச்சாப் போதும்" என்றார்.

அந்த அம்மாள்தான் முதலில் சிரித்தது. அவர்கள் பேச்சில் தோட்டத்து வரிசை வீட்டுக்கு லயம் என்று பெயர். இவர் லாயம் கேட்டார், டிரைவர் லயம் என்று கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். நான் சிரித்துச் சிரித்துத் திண்டாடிப் போனேன். வாட்ச்மேன் மட்டும் சிரிக்கவில்லை. "குதிரையா இருந்தா என்ன? அதுக்குத் தொண வேணாமா?" என்றார்.

இவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அத்தனை இடத்தில் எங்களைத் திட்டியது அந்த மனிதர் ஒருவர்தான்.

பாழாய்க் கிடக்கிற கட்டடம்தானே என்று எஸ்டேட் முதலாளியும் விட்டுவிட்டார். வாட்ச்மேன் கதவு நிலையைப் பெயர்த்து, நடுச்சுவரை இடித்து இரண்டு அறையை ஒன்றாக்கினார். அவளைக் கொண்டுபோய் விட்ட அன்று இவர் மேட்டுப்பாளையம் வரை பஸ் ஜன்னலில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். விடுமுறைக்கு விடுமுறை வந்து பார்த்தோம். வரவர எங்களைக் கண்டு ஓடி வருவது நடந்து வருவதாயிற்று.

நாங்கள் தோட்டத்துக்குத் திரும்ப மூன்று வருடம் பிடித்தது. வந்த வாரமே லாரி பிடித்துக்கொண்டு அழைத்துவரப் போனோம். இவர் கயிற்றைப் பிடித்து இழுக்க, அவள் கால்களை ஊன்றி நின்றாள். வாட்ச்மேன் வந்து கழுத்தில் தட்டி, "போடா கண்ணு, ஒங்க ஊட்டுக்குப் போ" என்று சொல்லி அவரே ஏற்றிவிட்டார். அவர் இறங்கியதும் அவள் கனைத்தாள் பாருங்கள், எங்களிடம் இருந்த வருடங்களில் ஒரு நாளும் அப்படிக் கனைத்ததில்லை. அந்த அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது.

"எறக்கிருங்க" என்றார் இவர்.

வெறும் லாரியில் திரும்பினோம். கொஞ்ச தூரம் போன பிறகு இவர், "நல்லா வெச்சிருக்காங்க, இல்ல?" என்றார். "நல்லாத்தான் வெச்சிருக்காங்க" என்றேன். எனக்கு வயிறு எரிந்தது. அந்தப் பாசித் தொட்டிக்காரரிடம் விட்டிருந்தால் இப்போது எங்களோடு வந்திருப்பாள் என்றுகூட நினைத்தேன். நினைத்ததற்கு வெட்கப்பட்டு, லாரி டிரைவர் பார்க்காதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.