முதல் பெஞ்சும் மதினியின் முதுகும்

போன சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அண்ணன் மகன் டேனியலுக்குக் கல்யாணம். ஒரு வாரம் ஆகப்போகிறது... இன்னும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. காய் நறுக்கும்போது தனியாகச் சிரிக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். போகட்டும்!

சிரிக்கவைத்தவர் என் அண்ணன் மனைவி, எஸ்தர் மதினி. ஆனால் கல்யாணம் நிச்சயமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் அண்ணனும் மதினியும் ராஜபாளையத்திலிருந்து ஸ்கூட்டரில் திரும்பும்போது, பின்னாலிருந்து ஒரு லாரி இடித்துவிட்டது. அண்ணனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்து, பிறகு கூடிவிட்டது. மதினிக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். “ஒண்ணும் ஆகல, ஆண்டவர் காப்பாத்திட்டாரு” என்று சொந்தபந்தமெல்லாம் ஆப்பிள் கொடுத்துவிட்டுப் போனது.

ஒன்றுமா ஆகவில்லை? அதன்பிறகு முதுகுக்குப் பின்னால் ஆள் இருந்தால் மதினியால் உட்கார முடியவில்லை. நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும். ரேஷன் கடையில் சுவரோடு ஒட்டி நிற்பார். பஸ்ஸில் ஜன்னலுக்கு முதுகைக் கொடுத்துப் பக்கவாட்டில் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் இருக்கும் என்னை முழங்காலால் குத்திக்கொண்டே வருவார். ஆலயத்தில் கொயரில் பாடிக்கொண்டிருந்தவர், கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டார்.

சரி, மகன் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அம்மா எங்கே உட்கார வேண்டும்? முதல் பெஞ்சில். பின்னால் ஊரே உட்கார்ந்திருக்கும்!

“நான் கடைசி பெஞ்சுலயே இருந்துக்கிடுதேன்” என்றார் மதினி. அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார். மாப்பிள்ளையின் அம்மா பின்னால் போய் உட்கார்ந்தால் என்ன பேசுவார்கள்? மருமகளைப் பிடிக்கவில்லை என்று பேசுவார்கள். பெண் வீட்டார் வேறு தளவாய்புரம் — மரியாதையைத் தராசில் நிறுத்து வாங்குகிற குடும்பம்.

டேனியல் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். “யார் என்ன பேசினாலும் பரவால்ல அத்தை. தாலி கட்டும்போது அம்மா பக்கத்துல இருக்கணும். அம்புட்டுதான்.”

விபத்து, அடி, அதிர்ச்சி என்று எதையாவது தாண்டி வந்தவர்களுக்கென்றே ராஜபாளையத்தில் ஒரு யோகா வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டு, மதினியைக் கிளப்பிக்கொண்டு போனேன். ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி ஹால். சொல்லிக்கொடுப்பவர் பத்மா. சின்ன வயதுதான்.

முதல் நாளே சொல்லிவிட்டார். “கதவு திறந்தேதான் இருக்கும். வேண்டாம்னு தோணுனா எந்திரிச்சுப் போகலாம். கண்ணை மூடணும்னு கட்டாயம் இல்ல. கேக்காம யாரையும் தொடமாட்டேன். பாயை எங்க வேணும்னாலும் போட்டுக்கோங்க.”

அவ்வளவுதான்... கண்மூடித் திறப்பதற்குள் நாலு சுவரோரமும் நிரம்பிவிட்டது! ஹாலின் நடுவில் ஒரு பந்தியே போடலாம், அவ்வளவு காலி. கடைசியாக வந்த ஒரு அம்மா, சுவரில் இடம் கிடைக்காமல் தூணைப் பிடித்துக்கொண்டார்.

மதினி சுற்றும் முற்றும் பார்த்தார். “ஏட்டி... எல்லாரும் என்ன மாதிரிதானா?” என்றார் மெதுவாக. இரண்டு வருடமாகத் தனக்கு மட்டும்தான் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார், பாவம். ஆசனம் ஆரம்பிக்கும் முன்பே அவருக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

எங்களோடு சேத்தூரிலிருந்து ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு ஒருவரும் வந்தார். தூக்கம் வராத பிரச்சினை. “கையை எம்புட்டு தூக்கணும்மா?” என்று கேட்டார்.

“உங்களுக்கு எம்புட்டு சவுரியமோ அம்புட்டு.”

“ஆர்டரா சொல்லுங்கம்மா!”

“ஆர்டரே கெடையாதுங்கய்யா.”

மனிதர் கையைப் பாதியில் நிறுத்தியபடி திருதிருவென்று விழித்தார். எனக்கும் அதே கதிதான். நம்மை யாராவது அதட்ட வேண்டும். இல்லையென்றால் நாம் யாரையாவது அதட்ட வேண்டும். பயமாக இருக்கிறது என்று ஒருத்தி சொன்னால் நாம் என்ன சொல்கிறோம்? “பயப்படாதே.” அப்படிச் சொல்லிப் பயம் போனதாக எங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

கல்யாணம் நெருங்கியபோது ஒருநாள் மதினியே கேட்டுவிட்டார். “டீச்சர், முதல் பெஞ்சுல உக்காருறதுக்கு ஏதாச்சும் ஆசனம் இருக்கா?”

ஹாலே சிரித்தது. பத்மாவும் சிரித்தார். “ஆசனம் இல்லக்கா. உக்காந்து பாருங்க. உடம்பு வேண்டாம்னு சொன்னா அதுகூட சண்டை போடாதீங்க. எதை மாத்தினா உனக்குச் சரியா இருக்கும்னு உடம்புகிட்டயே கேட்டுப் பாருங்க.”

எனக்கு எரிச்சல். கல்யாணத்துக்குள் சரியாகிவிடும் என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார்? மதினி மட்டும் ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தார்.

கல்யாண நாள். ஆலயம் நிரம்பி வழிந்தது. மதினி முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். காவலுக்கு நான் நேர் பின்னால். அவர் பின்கழுத்தில் வியர்வை ஓடுவது தெரிகிறது. “மூச்சை நல்லா இழுத்து விடுங்க மதினி” என்றேன். “நீ செத்த சும்மா இரு” என்றார்.

பெண் வந்தாள். எல்லோரும் எழுந்து, பிறகு உட்கார்ந்தோம். மதினி உட்காரவில்லை. போச்சு... வாசலைப் பார்த்து ஓடப்போகிறார் என்று நானும் பாதி எழுந்துவிட்டேன். அண்ணன் முந்தானையைப் பிடிக்கப் பார்த்தார்.

மதினி வாசல் பக்கம் போகவில்லை. நேரே முன்னால் போனார். கொயர் பக்கத்தில் காலியாகக் கிடந்த நாற்காலியை எடுத்தார். பீடத்துக்கு வலப்பக்கச் சுவரோரம், சபையைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தார்! முதுகுக்குப் பின்னால் சுவர். கண் எதிரே மொத்த ஜனம். ஒரு பெருமூச்சு விட்டார் பாருங்கள், எனக்கே நெஞ்சு லேசாகிவிட்டது.

சபையில் சலசலப்பு. பெண்ணின் அம்மா கிரேஸ் அம்மாள் முகம் சிவந்துவிட்டது. “மாப்பிள்ள வீட்டுக்கு மட்டும் தனி நாற்காலியா?” மூன்று பெஞ்சு தாண்டிக் கேட்டது. உடனே அவருடைய தம்பி எழுந்தார். பக்கத்து அறைக்குள் போனார். பாஸ்டருடைய குஷன் நாற்காலியையே தூக்கிக்கொண்டு வந்து, இடப்பக்கம் போட்டார்! கிரேஸ் அம்மாள் பட்டுச்சேலை சரசரக்க நடந்துபோய், சபையைப் பார்த்துக் கம்பீரமாக உட்கார்ந்தார்.

பாஸ்டர் வலப்பக்கம் பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார். கெட்டிக்காரர்!

மதினி அந்தக் குஷன் நாற்காலியைப் பார்த்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது. முந்தானையை வாயில் வைத்துப் பொத்தினார். அடங்கவில்லை. அம்மா சிரிப்பதைப் பார்த்து மாப்பிள்ளை சிரிக்க, அதைப் பார்த்துப் பெண் சிரிக்க, கொயர் ஒரு வரியையே விட்டுவிட்டது. இரண்டு வருடம் கழித்து மதினி இப்படிச் சிரிக்கிறார். நான் பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன்.

பிரியாணிப் பந்தியில் கிரேஸ் அம்மாள் மதினியைத் தேடி வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டேன். அவரோ மதினியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உங்க வழக்கம் நல்ல வழக்கம் சம்பந்தி. மூத்தவ கல்யாணத்துல முதல் பெஞ்சுல உக்காந்து அவ முதுகைத்தான் பாத்தேன். இன்னைக்கு இவ முகத்தைப் பாத்தேன். தாலி ஏறும்போது என்னயத்தான் பாத்தா...”

“நானும் எம்புள்ள முகத்தப் பாத்தேன்” என்றார் மதினி. பிறகு உண்மையைச் சொல்லிவிட்டார். “வழக்கமெல்லாம் ஒண்ணுமில்ல சம்பந்தி. பயம். பின்னாடி ஆள் இருந்தா எனக்குப் பயம்.”

கிரேஸ் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பயமோ, வழக்கமோ... கடைக்குட்டி கல்யாணத்துக்கும் எனக்கு அந்த நாற்காலிதான் வேணும். பக்கத்துல நீங்களும் வந்து உக்காரணும்.”

அம்மாக்களே, முதல் பெஞ்சை மாமாக்களுக்கு விட்டுக்கொடுத்துவிடுங்கள். முதுகைப் பார்க்க அவர்கள் போதாதா?