அட்டை இல்லாத இரண்டு மாதம்

என் வீட்டுக்காரரின் பத்து விரல்களையும் அரசாங்கம் ஒரு மெஷினில் பதிந்துகொண்ட வருஷம், கீழ் கோத்தகிரிப் பக்கம் பச்சைத் தேயிலைக்கு விலையே இல்லாமல் போயிருந்தது. பறிகூலிக்குக்கூடக் கட்டாது என்று சிறு விவசாயிகள் கொழுந்தைச் செடியிலேயே முற்ற விட்டார்கள். இடுப்பளவு நிற்க வேண்டிய செடி ஆளுயரத்துக்கு வளர்ந்து நின்றது. நான் தூள் சலிக்கும் பிரிவில் வேலை பார்த்த ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. அவர் கவ்வாத்து வெட்டுகிற ஆள். கொழுந்தே பறிக்காத தோட்டத்தில் செடியை வெட்டிவிட யார் கூப்பிடுவார்கள்? எங்கள் லைன் வீடுகளில் இருந்த ஆண்கள் ஒவ்வொருவராகத் திருப்பூருக்குப் பஸ் ஏறினார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் நினைத்தவுடன் பஸ் ஏற முடியாது. ஏனென்றால் அவர் வெளிநாட்டுக்காரர்.

இந்த வார்த்தையைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு வாய் கசக்கிறது. என் அப்பாவும் அவருடைய அப்பாவும் சிலோனில் பக்கத்துப் பக்கத்து எஸ்டேட்டில் வேலை செய்தவர்கள். இரண்டு வீட்டு முன்னோர்களும் திருச்சிப் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்கப் போனவர்கள்தான். இந்திய, இலங்கை அரசாங்கங்கள் இரண்டும் உட்கார்ந்து ஆட்களைப் பங்கு பிரித்தபோது என் அப்பாவுக்கு இந்தியப் பாஸ்போர்ட் கிடைத்தது. கைக்குழந்தையான என்னைத் தூக்கிக்கொண்டு கப்பலேறி வந்துவிட்டார். என் வீட்டுக்காரரின் அப்பா இந்தியாவுக்கு மனுப் போடவில்லை. கலவரத்துக்குப் பயந்து வவுனியாப் பக்கம் போனார்கள். அங்கேயும் சண்டை வந்ததும் படகில் ராமேஸ்வரம் வந்து இறங்கினார்கள். கப்பலில் வந்த நான் தாயகம் திரும்பியவள். படகில் வந்த அவர் அகதி.

கல்யாணத்துக்குப் பிறகு அகதி முகாமுக்கு வெளியே என்னோடு தங்க அவருக்கு அனுமதி கிடைத்தது. மாதம் ஒருமுறை போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். மாவட்டத்தைத் தாண்டினால் அனுமதிக் கடிதம் வேண்டும். போட்டோவும் பெருவிரல் ரேகையும் உள்ள அட்டை எப்போதும் சட்டைப்பையில் இருக்க வேண்டும். அதிகாரிகள் கேட்கும்போதெல்லாம் காட்டப்பட வேண்டும் என்று அதன் பின்பக்கத்தில் அச்சடித்திருந்தது. மழையில் நனையாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு அதை வைத்திருந்தார்.

அவருக்கும் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் வேலை கிடைத்தது. போய்வர அனுமதியும் வாங்கியாயிற்று. அந்த நேரம் பார்த்து ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. பழைய அட்டைகள் செல்லாது, எல்லோரும் வந்து விரல் ரேகை பதிய வேண்டும், மெஷினில் வைத்தால் ஆள் யாரென்று காட்டும் புது அட்டை தருவார்கள் என்றார்கள். அவர் போனார். பத்து விரலையும் வைத்தார்கள், கண்ணையும் படம் பிடித்தார்கள். பழைய அட்டையை வாங்கிக்கொண்டு, பெயரும் எண்ணும் மட்டும் எழுதிய ஒரு சீட்டைக் கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் புது அட்டை வரும், அதுவரை சீட்டு போதும் என்று சொன்னதாக வந்து சொன்னார். சீட்டில் போட்டோகூட இல்லையே என்று கேட்டேன். போலீஸ் கொடுத்ததுதானே என்றார்.

அவர் திருப்பூருக்குப் போன பிறகு, ஃபேக்டரி ஓடாத நாட்களில் நான் ஊட்டியில் அட்டை வழங்கும் அலுவலகத்துக்குப் போய் அட்டையைக் கேட்டேன். முதல் தடவை, இன்னும் வரவில்லை என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். இரண்டாம் தடவை, ஸ்டேஷனில் கேட்கச் சொன்னார்கள். ஸ்டேஷனில் கேட்டால், ஊட்டியில்தான் கேட்க வேண்டும் என்றார்கள். மூன்றாம் தடவை, மத்தியானம் வரை நிற்க வைத்துவிட்டு மறுபடியும் வரவில்லை என்றார்கள். ஒருவரும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்கள்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு காலையில் கம்பெனி சூப்பர்வைசர் போன் செய்தார். தொழிலாளர்கள் தங்கும் அறைகளில் சோதனை நடந்ததாகவும், சீட்டையும் அனுமதிக் கடிதத்தையும் காட்டியும் அட்டை இல்லாததால் என் வீட்டுக்காரரை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்விட்டதாகவும் சொன்னார். கல்யாணச் சான்றிதழையும் என் ரேஷன் கார்டையும் அப்பாவின் பழைய பாஸ்போர்ட்டையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கிடைத்த பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்கி, அங்கிருந்து மாறித் திருப்பூர் போய்ச் சேர்ந்தேன்.

அவரை ஸ்டேஷன் சுவரோரம் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். அறையில் போட்டிருந்த பனியனோடு இருந்தார். இருபது வருஷத்துக்கு மேலாக இந்த நாட்டில் ஒரு பீடி திருடியதாகக்கூட அவர்மேல் புகார் கிடையாது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனவர், பக்கத்தில் நின்ற போலீஸ்காரரைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார். அதை என்னால் தாங்க முடியவில்லை.

எழுத்தர் மேஜையில் ரேகை பார்க்கிற சின்ன மெஷின் இருந்தது. என் வீட்டுக்காரர் விரலை வைத்துப் பாருங்கள் என்று நான்தான் சொன்னேன். வைத்தார்கள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கம்ப்யூட்டரில் அவர் முகம், பெயர், அப்பா பெயர், எங்கள் லைன் முகவரி எல்லாம் வந்து நின்றன.

"எல்லாஞ் சரியாத்தாம்மா வருது. ஆனா கார்டு கையில இருக்கோணும்" என்றார் எழுத்தர்.

"மெஷினுக்கு அவரத் தெரியுது சார். அதுக்கு மேல அந்தக் கார்டு என்ன சொல்லப் போவுது?" என்று கேட்டேன்.

எழுத்தர் மெஷினை ஓரமாக நகர்த்தி வைத்தார். சாயங்காலம் சூப்பர்வைசர் வந்து கையெழுத்துப் போட்ட பிறகு விட்டார்கள். சூப்பர்வைசர் நல்ல மனுஷர்தான். ஆனால் வெளியே வந்ததும், அட்டை வரும்வரை வேலைக்கு வர வேண்டாம், கம்பெனிக்குத் தொந்தரவு என்று சொல்லிவிட்டார்.

மறுநாளே இருவரும் ஊட்டிக்குப் போனோம். இந்த முறை நான் கவுன்ட்டரில் நிற்கவில்லை. உள்ளே இருந்த அதிகாரியின் மேஜைக்கே போய், நடந்ததைச் சொன்னேன். அவர் உதவியாளரைக் கூப்பிட்டார். உதவியாளர் பின்னால் இருந்த இரும்பு பீரோவைத் திறந்து ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டை எடுத்தார். மேலிருந்து மூன்றாவதாக இருந்தது என் வீட்டுக்காரரின் அட்டை.

"இது வந்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சுங்களே. யாரும் வந்து கேக்கலீங்க" என்றார்.

நான் மூன்று தடவை வந்ததைச் சொன்னேன். வந்த தேதிகளையும் சொன்னேன். அப்போது யார் கவுன்ட்டரில் இருந்தார்களோ தெரியாது என்றார். அதிகாரிக்கு அதில் ஒன்றும் பெரிதாகப் படவில்லை. கேட்டால் காட்ட வேண்டும் என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது, உங்களுக்குத்தான் பொறுப்பு வேண்டும் என்று எங்களுக்குப் புத்தி சொன்னார்.

"கேட்டா காட்டணும்னு எங்களுக்கு எழுதி வச்சிருக்கீங்க சார். கேட்டா குடுக்கணும்னு உங்களுக்கு எங்க எழுதியிருக்குது?" என்றேன். என் குரல் அந்த அறை முழுக்கக் கேட்டது. டைப் அடித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். என் வீட்டுக்காரர் பெறுதல் பதிவேட்டில் அவசரமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னை வெளியே இழுத்து வந்தார்.

கோத்தகிரி பஸ்ஸில் நாங்கள் சண்டை போட்டோம். உங்களுக்குக் கோபமே வராதா என்று கேட்டேன். அந்தப் பீரோவைத் திறக்க ஒருவன் எழுந்திருந்தால் வேலை போயிருக்காதே, தரையில் உட்கார்ந்திருக்க வேண்டாமே என்றேன். அவர் புது அட்டையைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"நீ கத்தலாம் புள்ள. ஒன்னைய அனுப்பி வைக்க அவங்களுக்கு வேற எடம் இல்ல. என்னைய அனுப்ப ஒரு எடம் இருக்குன்னு நெனைக்கிறாங்க. அதுக்கப்புறம் நான் எப்படிக் கத்துறது?"

கோபம் அவருக்கு இல்லாமல் இல்லை. அதைக் காட்டவும் ஒரு காகிதம் வேண்டியிருந்தது, அது என்னிடம் மட்டும்தான் இருந்தது.

பனியன் கம்பெனியில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார். இந்த மலையின் படகர் இனத்தவர் ஒருவரின் தோட்டத்தில் காடாய் வளர்ந்த செடிகளை அடியோடு வெட்டி, கேரட் போட நிலத்தைத் திருத்தும் வேலைக்கு அவர் போனார். நான் என் பெயரிலேயே மேலதிகாரிக்கு ஒரு மனு எழுதினேன். தாமதத்துக்கு யார் பொறுப்பு, பறிபோன வேலைக்கு யார் பதில் சொல்வது என்று இரண்டே கேள்விதான் கேட்டிருந்தேன். ஐந்தாறு மாதம் கழித்துப் பதில் வந்தது. மனுதாரரின் கணவருக்கு அட்டை வழங்கப்பட்டுவிட்டதால் மேல் நடவடிக்கை தேவையில்லை என்று ஒரே வரி.

அந்த ஞாயிற்றுக்கிழமையே உட்கார்ந்து இரண்டாவது மனுவை எழுதினேன். நான் எழுதி முடிக்கும்வரை அவர் எதிரே உட்கார்ந்திருந்தார். மறுநாள் வேலைக்குப் போகாமல், அதைக் கோத்தகிரி தபாலாபீஸுக்கு எடுத்துக்கொண்டு போய்ப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டு வந்தவர் அவர்தான்.