யாரும் வாசிக்கலாம் என் ஃபைலை

புரோகிராம் எழுதுகிறவன் மெஷினிடமும் பேச வேண்டும், மனுஷனிடமும் பேச வேண்டும். திட்டு மட்டும் இரண்டாமவரிடமிருந்துதான் வரும். கண்ணெரிய ஸ்கிரீனைப் பார்த்தே காலம் தள்ளிய அன்பர்களுக்கு இது தெரியும். தொண்ணூறுகளில் நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து, ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் இந்த வேலை பார்த்தேன்.

முதலாளியின் சந்தேகம்

எனக்கு முன்பு இருந்தவருடைய ஃபைலைத் திறந்தால் கட்டமும் கிறுக்கலுமாகத் தெரியும். நான் எல்லாவற்றையும் சாதாரண எழுத்துக்கு மாற்றினேன். வரிக்கு ஒரு விவரம். ஒவ்வொரு இலாகாவின் பெயருக்கும் கீழே, கொஞ்சம் உள்ளே தள்ளி, அதில் வேலை செய்கிறவர்கள். பெருமையாக முதலாளியிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உதடசைத்துக் கடைசி வரி வரை வாசித்தார்.

"எனக்கே புரியுதே தம்பி, அப்ப உங்களை எதுக்கு வச்சிருக்கேன்?"

நேரான ஓரம்

உள்ளே தள்ளியிருக்கும் வரி மேலே உள்ள இலாகாவைச் சேர்ந்தது என்பதுதான் என் புரோகிராமின் கணக்கு. டைப்பிஸ்ட் கனகாவுக்கு அந்தக் கோணல் ஓரம் பொறுக்கவில்லை. நான் சாப்பிடப் போன நேரத்தில் எல்லா வரியையும் இடது ஓரத்துக்கு இழுத்து அழகாக நிறுத்திவிட்டார்.

மறுநாள் ஷிப்ட் பட்டியலில் இலாகா எது, ஆள் எது என்று தெரியாமல், புரோகிராம் எல்லாரையும் ஃபைலில் முதலாவதாக இருந்த பஞ்சு பிரிக்கும் கூடத்துக்கு அனுப்பிவிட்டது. சேத்தூர் பஸ்ஸில் வந்தவர்கள் மொத்தமும் அங்கே கூடி நிற்க, நூற்பு மெஷின்கள் ஆளில்லாமல் கிடந்தன. கனகாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் அசரவில்லை.

"ஓரம் நேரா இல்லைன்னா டைப்ரைட்டிங் பரீட்சையில மார்க்கைக் குறைப்பாங்க சார். உங்க மெஷினுக்குக் கோணலா இருந்தாத்தான் பிடிக்குமோ?"

இல்லாத ஆள்

இடம் மிச்சம் பிடிக்க, பெயர்களை ஆங்கிலத்தில் முதல் இரண்டு எழுத்தாகச் சுருக்கினோம். நோபிள் என்ற ஃபிட்டர் 'NO' ஆனார். புரோகிராம் அதைப் பெயராக எடுத்துக்கொள்ளாமல், 'இல்லை' என்று பொருள் கொண்டு, அவரை வருகைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டது. அவர் கோபப்படாமல் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"மீதிப் பேரையும் சேர்த்து எழுதிருங்க சார், நான் இருந்துட்டுப் போறேன்."

ஓ நெகட்டிவ்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு, ரத்தம் கொடுக்கச் சம்மதித்தவர்களின் விவரத்தையும் இதே முறையில் எழுதிக் கொடுத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நர்ஸ் ஸ்டெல்லா வீட்டுக்கே ஆள் அனுப்பினார். கூமாப்பட்டியிலிருந்து வந்த பெண்ணுக்குப் பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு நிற்கவில்லை; ஓ நெகட்டிவ் உடனே வேண்டும். போய்ப் பார்த்தால் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரோ உயிரில்லாமல் கிடந்தது. என்னென்னவோ செய்து பார்த்தேன், அசையவில்லை.

நல்லவேளை, ஃபைலின் நகல் ஒரு ஃபிளாப்பியில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு, மடவார் வளாகத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடைக்கு ஸ்டெல்லாவும் நானும் ஓடினோம். அந்தக் கம்ப்யூட்டரில் என் புரோகிராம் கிடையாது. ஆனால் ஃபைலைத் திறந்ததும் பெயர், ரத்த வகை, முகவரி என்று வரிவரியாக வந்தது. ஸ்டெல்லா விரலால் ஸ்கிரீனைத் தடவிக்கொண்டே போய் ஒரு பெயரில் நின்றார். லீவில் வந்திருந்த பட்டாளத்துக்காரர், பக்கத்துத் தெரு. ஆள் போய்ச் சொன்னதும் பனியனோடு சைக்கிளில் வந்து சேர்ந்தார்.

மத்தியானம் டாக்டர் வெளியே வந்து, தாய் பிழைத்துக்கொண்டாள் என்றார். அந்தப் பெண்ணின் புருஷனிடம் ஸ்டெல்லா என்னைக் காட்டி, ஃபைல், ஃபிளாப்பி எல்லாம் விளக்கினார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கும்பிட்டார்.

"நீங்க சொல்லுறது ஒண்ணும் வெளங்கலை சார். அந்தப் பட்டாளத்துக்காரவுக சைக்கிள்ல வந்து எறங்குனது மட்டுந்தான் எனக்குத் தெரியும்."

மெஷினுக்கு மட்டும் புரிகிற மாதிரி எழுதிய எவனுக்கும் மெஷின் ஒரு நாளாவது நன்றி சொன்னதாக நான் இதுவரை கேள்விப்படவில்லை.