ஏரோதின் அரண்மனை

தபாலில் வந்த எந்த உறையையும் ஏலிக்குட்டி கிழித்ததில்லை. புட்டுக்குடத்தின் ஆவியில் காட்டுவாள். பசை இளகி உறை தானே வாயைத் திறக்கும். கடிதத்தைக் கணவன் பாப்பச்சனிடம் நீட்டிவிட்டு, உறையை உட்புறம் வெளியே வரத் திருப்பி மடித்துக் கட்டிலுக்கடியில் வைப்பாள். இருபது வருஷமாக அந்த வீட்டில் கரண்ட் பில்லும் புட்டு வாசனைதான் அடிக்கிறது.

"உறை மேல இருக்கிற பாசத்துல பாதி என் மேல இருக்கக்கூடாதா?" என்பான் பாப்பச்சன்.

"உன்னையும் திருப்பிப் பார்த்தாச்சு மனுசா. உள்ளேயும் இதேதான்."

எல்லாம் டிசம்பரில் வைக்கும் கிறிஸ்துமஸ் குடிலுக்காக. வங்கி உறையில் விலாசம் தெரிவதற்கு ஒட்டியிருக்கும் கண்ணாடித்தாள் பெத்லகேம் வீடுகளுக்குச் சன்னல். கூரியர் பெட்டிகள் சுவர். மைதாப் பசையில் வண்ணத்தாள் ஒட்டி, பழைய சேலை ஜரிகையால் ஓரம் கட்டுவாள். கேரளத்தில் பாலா ஊர்ப் பக்கத்து அந்தச் சின்னக் கோயில் பங்கில் யாருக்குப் பார்சல் வந்தாலும் காலிப் பெட்டி அவளிடம் வந்துவிடும்.

பங்கில் குடில் போட்டி உண்டு. கோயில் வரவுசெலவு பார்க்கும் கைக்காரர் குரியச்சன்தான் நடுவர். பரிசு வருஷம் தவறாமல் ஜோய் வீட்டுக்குப் போகும். அவர்கள் கோட்டயத்தில் கடைக்குடிலாக வாங்கி வைப்பவர்கள். போன வருஷம் ஏலிக்குட்டியின் குடில் முன்னால் நின்று குரியச்சன் சொன்னார்: "உண்ணியேசு பழைய பேப்பர் கடையில பொறந்த மாதிரி இருக்கு." ஊரே சிரித்தது. பரிசு போனால் போகட்டும், அந்த வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வாங்காமல் விடுவதில்லை என்று ஏலிக்குட்டி அன்றைக்கு முடிவு செய்தாள்.

இந்த முறை, குழந்தை இயேசுவைக் கொல்லத் தேடிய ஏரோது ராஜாவின் அரண்மனை. அதற்குப் பெரிய பெட்டி வேண்டும். கொண்டுவந்தவள் குரியச்சனின் மனைவி சின்னம்மா.

"எங்க வீட்டு இச்சாயன் எரிச்சிடச் சொன்னாரு. நல்ல அட்டை, மனசு வரல. வாய் திறக்காதே, கேட்டியா?"

பெட்டியின் மேல் ஒரு படம். இடது பக்கம் உரித்த தேங்காய் மாதிரி ஒரு தலை. வலது பக்கம் அதே ஆள், கருகருவென்று முடியோடு. குரியச்சனுக்கு அறுபது வயதில் திடீரென்று முடி அடர்ந்தது ஏதோ மூலிகை எண்ணெயால் என்று ஊர் நம்பிக்கொண்டிருந்தது. அது என்ன எண்ணெய் என்று ஏலிக்குட்டிக்குப் புரிந்தது. படத்தின் மேல் ஊதாத் தாளை ஒட்டினாள். உறைகளை ஊறவைத்துக் கூழாக்கி ஏரோதுக்குத் தலை செய்து மாடத்தில் நிறுத்தினாள்.

தொழுவத்தில் உயிருள்ள ஆட்டுக்குட்டியைக் கட்டியது பாப்பச்சனின் யோசனை. "கைக்காரர் வாயடைச்சுப் போவாரு பாரு."

போட்டியன்று சாயங்காலம் பங்குத்தந்தையும் குரியச்சனும் கூட்டமும் முற்றத்துக்கு வந்தபோது ஆட்டுக்குட்டி கயிற்றை அவிழ்த்துக்கொண்டு, மைதாப் பசை ருசியில் அரண்மனையைத் தின்றுகொண்டிருந்தது. ஊதாத் தாளில் ஒரு துண்டு மிச்சமில்லை. சீரியல் பல்பு வெளிச்சத்தில் இரண்டு தலைகளும் பளிச்சென்று தெரிந்தன.

எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள். பிறகு மெதுவாகக் குரியச்சனின் தலையைப் பார்த்தார்கள்.

"ஏரோது வழுக்கையா, அச்சோ?" என்று பங்குத்தந்தையைக் கேட்டது பின்னாலிருந்து ஒரு குரல்.

"வேதத்துல அதைப் பத்தி ஒண்ணும் இல்ல," என்றார் பங்குத்தந்தை, தரையைப் பார்த்து.

குரியச்சனின் முகம் வெளுத்தது. நாலு பேர் முன்னால் பேசியறியாத ஏலிக்குட்டி வாயைத் திறந்தாள். "எங்க வீட்டு மனுசனுக்கு வாங்கினது. வந்த அன்னைக்கே முடியை எலி கடிச்சிடுச்சு."

பாப்பச்சன் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டான். "ஆமா, பெரிய எலி."

குரியச்சன் அவள் பக்கம் திரும்பினார். பிறகு, "கர்த்தாவே, என்னா அரிப்பு" என்று முனகி, முடியைக் கழற்றி ஏரோதின் தலையில் வைத்தார். இரண்டடி பின்னால் நகர்ந்து பார்த்தார்.

"இப்பத்தான் ராஜா. நல்லா செஞ்சிருக்கே, ஏலிக்குட்டி."

பரிசு அந்த வருஷமும் ஜோய் வீட்டுக்குத்தான் போனது. ஆடு தின்ற அரண்மனைக்கு மார்க் கிடையாதாம். இப்போது டிசம்பர்தோறும் அந்த முடி ஏரோதின் தலையில் இருக்கிறது. மற்ற மாதங்களில் கட்டிலுக்கடியில் உறைகளோடு கிடக்கிறது. குரியச்சன் வழுக்கையோடு கோயிலுக்கு வருகிறார். தொழுவத்தில் அட்டை ஆடுதான்.