காய வைக்காத தகடு

நான் வேலை செய்த இடம் வாவியோரத்தில் இருந்த பழைய நெல் களஞ்சியம். வெளிநாட்டில் பொறியியல் படித்துவிட்டு வந்த ஒருவர் அதை வாடகைக்கு எடுத்து ஆய்வுகூடமாக மாற்றியிருந்தார். அங்கே மொத்தம் மூன்று பேர்: முதலாளி, இரசாயனவியல் பட்டம் முடித்திருந்த நான், வளைகுடாவில் எண்ணெய் ஆலைக் குழாய்களோடு பல வருடம் மல்லுக்கட்டிவிட்டுத் திரும்பிய, நானா (அண்ணன்) என்று நான் கூப்பிட்ட காத்தான்குடிக்காரர்.

நாங்கள் செய்தது ஒருவகைப் பொலிமர்த் தகடு. தேன் நிறமாக இருக்கும். சாதாரண பிளாஸ்டிக் உருகி ஒழுகிவிடும் சூட்டில் இது இளகி மட்டும் கொடுக்கும். இளகியதை வளைத்து ஆறவிட்டால் வளைந்தபடியே நிற்கும்; மறுபடி சூடேற்றினால் பழைய வடிவத்துக்கு நிமிரும். கத்தியால் கீறினாலும் அந்தச் சூட்டில் கீறல் தானாகவே மூடிக்கொள்ளும். கொதிநீராவிக் குழாய்களின் மூட்டுகளில் கசிவை அடைக்கும் வாசராகப் போடுவதற்குத்தான் இத்தனை பாடும்.

"அங்க ஒரு வாசர் போனா முழு லைனையும் நிப்பாட்டணும் புள்ள" என்பார் நானா. "அடச்சிக்கிட்டிருக்கக்குள்ள ஆவி அடிச்சிப் போட்டுரும். இது தானா ஒட்டிக்கிட்டா நல்லம்தானே."

சரியான கலவை வர எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. வீடிருந்த பழுகாமத்திலிருந்து காலையில் வெளிக்கிட்டு, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் வாவியைக் கடந்து, பஸ் பிடித்து வருவேன். ஒரு மாரி மழைக்காலத்தில் தகடுகள் சூட்டில் கொப்புளித்து உடைந்துகொண்டே இருந்தன. முதலாளி கலவையைக் குறை சொன்னார். குறை கலவையில் இல்லை, காற்றில் இருந்தது. வாவிக் காற்றின் ஈரத்தைத் தகடு உறிஞ்சிக்கொள்கிறது. திடீரென்று சூடேற்றினால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி வெடிக்கிறது. ஒரு முழுநாள் மிதமான சூட்டில் காய வைத்தால் ஒன்றும் நடக்காது. இதை நானாவிடம் மட்டும் சொன்னேன். கலவை சரியாகிவிட்டது என்று முதலாளி நினைத்துக்கொண்டார். ஆய்வுக் குறிப்பெழுதும் கொப்பியில் எழுதவில்லை. பிறகு எழுதலாம் என்று விட்டதுதான். அப்போது மனதில் களவு ஏதும் இல்லை.

அடுத்த வருடம், கண்டுபிடிப்புக்கு உரிமை கேட்டு முதலாளி அனுப்பிய விண்ணப்பத்தின் பிரதியை அச்சுப்பொறியில் கண்டேன். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அவர் பெயர் மட்டும் இருந்தது. என் கொப்பியிலிருந்த வசனங்கள் அப்படியே உள்ளே இருந்தன.

"சேர், இதில என்ர பேர் இல்லையே?"

அவர் தலை நிமிரவில்லை. "மிஸ், கழுவித் துடைக்கிற ஆக்களுக்கெல்லாம் பேர் போட ஏலுமா?"

நான் அழவில்லை. அன்று மாலை பாதையில் நின்றபடி, இவர் பலர் முன்னிலையில் தலைகுனிய வேண்டும் என்று நினைத்தேன். வீட்டில் சோறு பிசையும்போதும் அதையேதான் நினைத்தேன். வேலையை விடவில்லை. ஒழுங்காகப் போய்வந்தேன். ஈரத்தைப் பற்றி ஒரு எழுத்தும் எழுதவில்லை. இம்முறை வேண்டுமென்றேதான்.

மார்கழியில் கொழும்பிலிருந்து மூன்று பேர் தகட்டை வாங்கும் யோசனையோடு பார்க்க வந்தார்கள். அதற்கு முந்தின கிழமை முழுக்க அடைமழை. காய வைத்த தகடுகள் மூடியிறுக்கிய கண்ணாடிப் போத்தலில் இருந்தன. நான் அதைத் தொடாமல், திறந்த தட்டிலிருந்து ஒன்றை எடுத்து வளைத்து மேசையில் வைத்தேன்.

நானா இடுக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார். "காய வெச்சதா புள்ள?"

"ஓம்" என்றேன். அவர் அதை இடுக்கியால் பிடித்துச் சூளைக்குள் வைத்தார்.

சூளைக் கண்ணாடிக்குள் தகடு மெல்ல நிமிர்ந்தது. வந்தவர்கள் "ஆ" என்றார்கள். முதலாளி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் தகட்டின் முகத்தில் வெள்ளைக் கொப்புளங்கள் எழும்பின. முதலாளி பதறி, "வெளிய எடுங்க, எடுங்க" என்று கத்தினார். நானா கதவைத் திறந்து இடுக்கியை நீட்டினார். பொட்டென்று தகடு வெடித்தது. ஒரு துண்டு பறந்து, அவருடைய கட்டைக் கையுறைக்கு மேலே முழங்கையருகில் ஒட்டிக்கொண்டது.

முதலாளி நானாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "என்ன மிஸ் நடந்தது?"

"எனக்கென்ன சேர் தெரியும்? நான் கழுவித் துடைக்கிற ஆள்தானே."

இந்த வசனத்தை எத்தனையோ நாள் பாதையில் நின்று மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். வந்தவர்களில் ஒருவர் தொண்டையைச் செருமினார். முதலாளியின் முகம் கறுத்ததை நான் ஆற அமரப் பார்த்தேன். இனித்தது. பொய் சொல்ல மாட்டேன்.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும்போது நானாவின் கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். பல்லைக் கடித்தபடி கேட்டார்: "காய வெச்சயா, இல்லையா?"

"இல்ல நானா."

பிறகு சொன்னார்: "அந்தாளுக்குச் செய்யிறதச் செய். வேணாமெண்டா நான் சொல்லப் போறன்? எனக்கிட்டச் சொல்லியிருந்தா நீட்டுக் கையுறையப் போட்டிருப்பனே."

போத்தலைச் சரித்தேன். தண்ணீர் முடிந்திருந்தது.

கொழும்புக்காரர்கள் பிறகு வரவில்லை. நான் அந்த மாதமே விலகினேன். நானா முதலாளியிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. காயம் ஆறியதும் அவரும் வேறு வேலை பார்த்துக்கொண்டார். அவர் கையில் தோல் சுருங்கிய இடமொன்று நிரந்தரமாக நின்றுவிட்டது. மன்னிப்புக் கேட்க இரண்டு தரம் அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டு தரமும் தேத்தண்ணி தந்தார், பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கதைத்தார், நான் கேட்க வந்ததைக் கேட்க விடவில்லை.

முதலாளி இன்னும் கலவையை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். மாரி தொடங்கினால் எனக்கு அவரிடமிருந்து வாட்ஸ்அப் வரும். தகடு ஏன் வெடிக்கிறது என்று முதலில் அதட்டலாகக் கேட்டார். போன வருடம் தயவாக. ஒரு வரி எழுதினால் போதும், அவருடைய கஷ்டம் தீர்ந்துவிடும். நான் வாசித்தது அவருக்குத் தெரியும்படி செய்தியைத் திறந்து பார்க்கிறேன். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உலையில் அரிசியைப் போடுகிறேன்.